எழுத்தை நம்பி வாழ: தமிழில் தன் நூலைத் தானே வெளியிடுபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் எழுதி, அதைச் சொந்தமாக நூலாக்கி விற்று, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு, முடியும், ஆனால் ஒரே நூலால் முடியாது என்பதே நேர்மையான விடை. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை என்று ஒரு படைப்பு எத்தனை வடிவங்களில் விலைபோகுமோ அத்தனை உரிமைகளையும் கைநழுவ விடாமல் வைத்திருப்பவரும், தன் வாசகர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று நேரடியாகத் தெரிந்து வைத்திருப்பவரும், ஆண்டுதோறும் ஒன்றிரண்டு நூல்களை நிறுத்தாமல் கொண்டுவருபவருமே இந்தத் தொழிலில் நிலைக்கிறார்கள். கீழே வரும் படிகள் அனைத்தும் உரிமை, வாசகர் தொடர்பு ஆகிய இந்த இரண்டையும் காப்பாற்றுவதற்காகச் சொல்லப்படுபவை.

எழுதுவதற்கு முன்பே போட வேண்டிய கணக்கு

பதிப்பகம் வழியாக வரும் நூலுக்கு ஆசிரியருக்குக் கிடைக்கும் ராயல்டி பெரும்பாலும் விலையில் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. 200 ரூபாய் விலையுள்ள நூல் 300 பிரதிகள் விற்றால் 6,000 ரூபாய் வரும். முதலீடு எதுவும் உங்களுடையது இல்லை.

அதே நூலைச் சொந்தமாக வெளியிடுவதாக வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். தொகைகள் ஊருக்கு ஊர், அச்சகத்துக்கு அச்சகம் மாறும் என்பதால் இவற்றை விளக்கத்துக்காக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். டெம்மி என்னும் வழக்கமான நூல் அளவில் 160 பக்கம், விலை 200 ரூபாய். செம்மையாக்கத்துக்கு 8,000, மெய்ப்புப் பார்க்க 4,000, பக்க வடிவமைப்புக்கு 4,000, அட்டைக்கு 5,000 என்று ஒருமுறைச் செலவு 21,000 ரூபாய். அச்சுச் செலவு பிரதிக்கு 70 ரூபாய். கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 130. அச்சுச் செலவு போக 60. வாசகருக்கு நேரடியாக 10 சதவீதத் தள்ளுபடியில் 180 ரூபாய்க்கு விற்று, பொதிவதற்கு 15 ரூபாய் செலவழித்து, தபால் கட்டணத்தை வாசகரிடமே பெற்றால் மிஞ்சுவது 95.

இப்போது 300 பிரதிகளில் 240 நேரடியாகவும் 60 கடைகள் வழியாகவும் விற்றதாகக் கொண்டால், கிடைப்பது 26,400 ரூபாய். ஒருமுறைச் செலவைக் கழித்தால் 5,400. பதிப்பகம் எந்த முதலீடும் கேட்காமல் தந்திருக்கக்கூடிய 6,000 ரூபாயைவிட இது குறைவு. ஆனால் அதே விகிதத்தில் 600 பிரதிகள் விற்றால் சொந்தப் பதிப்பில் 31,800 ரூபாயும், ராயல்டியில் 12,000 ரூபாயும் வரும். ஆகவே 300 பிரதிகளைத் தாண்டி விற்கும் வழி உங்களிடம் இருக்கிறதா என்பதே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. அந்த வழி இன்னும் இல்லையென்றால் முதல் நூலை நல்ல பதிப்பகத்திடம் கொடுத்துவிட்டு, அது வாசகர்களைச் சேர்த்துத் தரும் காலத்தில் இரண்டாவது நூலுக்குத் தயாராவது அறிவுள்ள செயல். அதில் எந்தத் தாழ்வும் இல்லை.

மாதம் 30,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3,60,000. மேற்சொன்ன கணக்கில் பிரதிக்குச் சராசரியாக 88 ரூபாய் மிஞ்சுவதால், ஒருமுறைச் செலவை ஈடுகட்டிய பிறகும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,100 பிரதிகள் விற்றாக வேண்டும். ஒரே தலைப்பில் இத்தனை பிரதிகளை ஆண்டுதோறும் விற்பது தமிழில் மிக அரிது. பத்துத் தலைப்புகள் இருந்து ஒவ்வொன்றும் 400 பிரதிகளை ஒட்டி விற்பது நடக்கக்கூடியது. பழைய நூல்களுக்கு வடிவமைப்புச் செலவு மறுபடி கிடையாது என்பதால், மறுஅச்சில்தான் இந்தத் தொழிலின் உண்மையான வருமானம் இருக்கிறது. பின்பட்டியல் என்று பதிப்புலகில் சொல்லப்படும் அந்தப் பழைய தலைப்புகளின் வரிசை சேரும்வரை, குறைந்தது மூன்று நான்கு ஆண்டுகளுக்காவது, வேறு வேலையை விட்டுவிடக் கூடாது.

எதை எழுதுவது, யாருக்காக

இலக்கியப் புனைவு, கவிதை ஆகியவற்றை மட்டும் நம்பி வாழ்வது தமிழில் மிகக் கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எழுத்தால் மட்டுமே சம்பாதிப்பவர்களைப் பார்த்தால் இரண்டு வகையினர் தென்படுகிறார்கள்.

முதல் வகையினர் குடும்ப நாவல் எழுதுபவர்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய முறை கூர்ந்து கவனிக்கத்தக்கது. இணையத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயங்களாகத் தொடர்கதை எழுதுகிறார்கள். வாசகர்கள் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் கருத்துச் சொல்லி, அடுத்தது எப்போது என்று காத்திருக்கிறார்கள். கதை முடிந்ததும் குறிப்பிட்ட நாள்வரை வாசிக்க விட்டு, பிறகு அத்தியாயங்களை நீக்கிவிட்டு, அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றுகிறார்கள். அதன் பிறகு வாடகை நூலகங்களுக்கும் குடும்ப நாவல் வாசகர்களுக்கும் நூல் அனுப்பும் பதிப்பகங்கள் வழியாக அச்சிலும் கொண்டுவருகிறார்கள். ஒரே கதை மூன்று முறை வருமானமோ வாசகரையோ தருகிறது. விமர்சகர்கள் இவர்களைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் வாசகரோடு இடைவிடாத தொடர்பு, தவறாத கால ஒழுங்கு, உரிமையைப் பிரித்து விற்கும் தெளிவு என்னும் மூன்றையும் தமிழில் செயலில் காட்டியவர்கள் இவர்களே என்பது என் கருத்து.

இரண்டாம் வகையினர் பயன்பாட்டு நூல்கள் எழுதுபவர்கள். போட்டித் தேர்வுகள், இயற்கை வேளாண்மை, சமையல், குழந்தை வளர்ப்பு, பங்குச் சந்தை, சித்த மருத்துவம், கோயில் வரலாறு, வட்டார வரலாறு என்று ஒரு குறிப்பிட்ட தேவைக்கு விடை தரும் நூல், ஆசிரியரின் பெயர் தெரியாதவராலும் வாங்கப்படுகிறது. உங்கள் மாவட்டத்தின் ஏரிகளைப் பற்றியோ நெசவைப் பற்றியோ நீங்கள் நேரில் திரட்டிய செய்திகளுடன் ஒரு நூல் எழுதினால், அந்த ஊரின் பள்ளிகளும் கல்லூரிகளும் புத்தகத் திருவிழாவும் பல ஆண்டுகள் அதைக் கேட்டு வாங்கும். இலக்கியம் எழுத விரும்புகிறவர் இத்தகைய நூல் ஒன்றை அருகே வைத்துக்கொள்வது, இலக்கியத்தை அவசரமில்லாமல் எழுத உதவும்.

உரிமை: கையெழுத்திடுமுன் படிக்க வேண்டியவை

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதி முடித்த அக்கணமே உரிமை ஆசிரியருக்கு உண்டாகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். வழக்கு வந்தால் சான்றாக உதவும் என்பதால் பதிவு செய்துகொள்ள விரும்பினால் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழியே விண்ணப்பிக்கலாம்.

சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒவ்வோர் எழுத்தாளரும் தெரிந்திருக்க வேண்டும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருந்து, தருபவரின் கையொப்பம் பெற்றிருந்தால் மட்டுமே செல்லும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத நிலையில், உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். பல ஆண்டுகளாக மறுஅச்சு வராமல் கிடக்கும் பழைய நூல் உங்களுக்கு இருந்தால், அதன் ஒப்பந்தத்தை எடுத்து இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பந்தமே எழுதப்படாமல் வாய்வார்த்தையில் வந்த நூல்கள் தமிழில் ஏராளம். அவற்றின் உரிமை பெரும்பாலும் இன்னும் ஆசிரியரிடமே இருக்கிறது. பின்பட்டியலைத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

புதிய ஒப்பந்தங்களில் 'அனைத்து வடிவங்களிலும், எக்காலத்துக்கும்' என்ற சொற்களைக் கண்டால் கையெழுத்திட வேண்டாம். அச்சு உரிமையை மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குத் தரலாம். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகளைத் தனித்தனி ஒப்பந்தங்களாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒலிநூல் நிறுவனங்களும் கதைச் செயலிகளும் தமிழ்ப் படைப்புகளைத் தேடிக்கொண்டிருக்கும் இன்றைய நிலையில், யோசிக்காமல் எழுதிக் கொடுத்த ஒரு வரி பல ஆண்டு வருமானத்தைத் தடுத்துவிடும்.

கையெழுத்துப் படியிலிருந்து நூல் வரை

பணம் குறைவாக இருக்கும்போது எழுத்தாளர்கள் முதலில் வெட்டுவது செம்மையாக்கத்தைத்தான். வெட்டவே கூடாத செலவும் அதுதான். செம்மையாக்குபவர் கதையின் தொய்வையும் கூறியது கூறலையும் முரணையும் பார்ப்பார். மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்று மிகும், மிகா இடங்களையும், ஒரே சொல் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதையும், ரகர றகர, லகர ளகர ழகரப் பிழைகளையும் பார்ப்பார். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒருவரே ஒரே வாசிப்பில் இரண்டையும் செய்வது கடினம். பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு அச்சுக்கோவையில் இன்னொரு முறை மெய்ப்புப் பார்ப்பது அவசியம், ஏனெனில் எழுத்துருமாற்றத்தில் புதிய பிழைகள் நுழைந்துவிடும்.

எல்லாக் கருவிகளும் படிக்கக்கூடிய பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தொடக்கத்திலிருந்தே தட்டச்சு செய்யுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும் கோப்பு மின்னூலாக மாறாது; மாற்றிக்கொண்டாலும் எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க வேண்டியிருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: 'ஔவை' என்பதன் முதல் எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவை' என்று அமைத்திருப்பார்கள். தாளில் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. மின்னூலில் ஒரு வாசகர் ஔவை என்று தேடினால் அந்தப் பக்கம் வராது. உரக்க வாசிக்கும் செயலி அதை 'ஒள' என்றே உச்சரிக்கும்.

பக்க வடிவமைப்பில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. இரு ஓரங்களும் நேராக நிற்கும்படி அமைக்கும்போது, 'எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது போன்ற சொல் ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்குப் போனால், முந்தைய வரியின் சொற்களுக்கு இடையே பெரிய ஓட்டைகள் விழும். நல்ல வடிவமைப்பாளர் அந்த இடத்தில் சொல்லைப் பொருத்தமான அசையில் பிரிப்பார். அல்லது ஆசிரியரிடம் கேட்டு வரியில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். மெய்ப்புப் படியைக் கையில் வாங்கியதும் எழுத்தைப் படிக்காமல், தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்து வெள்ளை ஓட்டைகளை மட்டும் பாருங்கள்.

மொத்தமாகப் பல பிரதிகள் போடும் ஆஃப்செட் முறையில் அச்சிடுவதாக இருந்தால் பக்கங்கள் பாரம் எனப்படும் 16 பக்கத் தொகுதிகளாக அமையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 163 பக்க நூல் 11 பாரங்களைத் தின்று, 13 வெற்றுப் பக்கங்களை விட்டுவைக்கும். மூன்று பக்கங்களைச் சுருக்கினால் 10 பாரங்களில் முடிந்துவிடும்.

பதிப்பகப் பெயர், ஐஎஸ்பிஎன், நூலகப் படிகள்

சொந்தமாக ஒரு பதிப்பகப் பெயரை வைத்துக்கொள்வது நல்லது. கடைக்காரர்களிடமும் நூலகத் துறையிடமும் அது மதிப்பைத் தரும். ஒவ்வொரு நூலையும் தனித்து அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. பதிப்பகம் இல்லாத தனி ஆசிரியரும் இணையவழியே விண்ணப்பிக்கலாம். இந்த எண்ணுக்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண் என்பது விதி. ஆனால் கிண்டிலில் வெளியிட ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை.

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா பொது நூலகத்துக்கும், மும்பை, டெல்லி நகரங்களிலுள்ள நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்புவது வெளியிடுபவரின் கடமை. செலவு சிறியது. உங்கள் நூல் நூறாண்டு கழித்தும் கிடைக்க இதுவே உறுதியான வழி என்பதால் தவறவிடாதீர்கள்.

மின்னூல்: கிண்டிலின் விதிகளும் அவற்றின் விளைவுகளும்

கிண்டிலில் நூலை ஏற்றுவதற்கான அமேசானின் கேடிபி தளம் தமிழ் மின்னூல்களை ஏற்கிறது. 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு ராயல்டி விகிதங்கள் உண்டு. இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால், தளம் வரையறுக்கும் விலைக்குள் நூல் இருப்பதோடு, கேடிபி செலக்ட் திட்டத்திலும் அதைச் சேர்த்திருக்க வேண்டும். 70 சதவீதத்தில் கோப்பின் அளவுக்கேற்ற அனுப்புச் செலவு கழிக்கப்படும்; ஆகவே படங்கள் நிறைந்த சமையல் நூலுக்கு 35 சதவீதமே லாபமாக அமைவதுண்டு. பதிவேற்றும்போது படங்களின் அளவைச் சுருக்குங்கள்.

செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது. தொடர்கதை எழுதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முன்மாதிரியாக 10 சதவீதம் வரை வெளியே விட்டுவைக்கலாம். அதற்கு மேற்பட்ட அத்தியாயங்கள் ஏதேனும் ஒரு தளத்தில் மறந்துபோய்க் கிடந்தாலும் விதிமீறலாகி, கணக்கே முடக்கப்படும் நிலை வரலாம். பதிவேற்றுமுன் உங்கள் கதையின் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடிப் பாருங்கள். 90 நாட்கள் முடிந்ததும் திட்டம் தானாகவே புதுப்பிக்கப்படும். ஒலிநூல் தவிர்த்த வேறு மின்தளங்களுக்குப் போக விரும்பினால் அந்தத் தெரிவை முன்கூட்டியே நீக்க வேண்டும்.

செலக்டில் உள்ள நூல் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிடப்படும். அங்கே பிரதிக் கணக்கு கிடையாது, வாசிக்கப்பட்ட பக்கங்களுக்கே பணம். பக்கத்துக்கு எவ்வளவு என்பது அமேசான் அந்தந்த மாதம் ஒதுக்கும் நிதியைப் பொறுத்து மாறும். இந்தியாவில் அது சில காசுகளே. 10 காசு என்று வைத்துக்கொண்டால், 300 பக்க நாவலை 1,000 பேர் முழுமையாகப் படிக்கும்போது 30,000 ரூபாய் வரும். பாதியில் நிறுத்தினால் பாதிப் பணம். இதனால்தான் அத்தியாயத்தின் இறுதியில் வாசகரை அடுத்த பக்கத்துக்கு இழுக்கும் தொடர்கதை வடிவம் இங்கே செழிக்கிறது. கவிதைத் தொகுப்பு வாடுகிறது. உங்கள் நூல் மெல்லப் புரட்டிப் படிக்கும் வகையினதாக இருந்தால் செலக்டில் சேராமல், கூகுள் பிளே புக்ஸ் உட்படப் பல தளங்களில் நிலையான விலைக்கு விற்பது பொருத்தம்.

கணக்கு தொடங்கும்போது வரும் வரி விவரப் படிவத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் வாங்கும் பிரதிகளுக்கு அந்நாட்டு வரி 30 சதவீதம் பிடிக்கப்படும். பான் எண்ணைக் கொடுத்து இந்திய அமெரிக்க வரி உடன்பாட்டின் பயனைக் கோரினால் அது 15 சதவீதமாகக் குறையும். ராயல்டி, விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாட்களுக்குப் பின் வங்கியில் வரவாகும்.

கேடிபியில் தமிழுக்கு மின்னூல் வசதி மட்டுமே உள்ளது. அச்சுக்கு வேறு வழி தேட வேண்டும்.

அச்சு: எத்தனை பிரதிகள், எப்போது

தேவைக்கேற்ப அச்சிடும் பிஓடி முறையில் 50 பிரதிகளும் போடலாம்; பிரதிக்கான செலவு கூடுதல். ஆஃப்செட்டில் 500, 1,000 என்று போனால் பிரதிச் செலவு இறங்கும். விற்காத பிரதிகள் வீட்டின் ஓர் அறையை அடைத்துக்கொண்டு, ஈரத்திலும் கரையானிலும் வீணாகும். முதல் அச்சை பிஓடியில் 100 முதல் 200 வரை வைத்துக்கொண்டு, அது தீரும் வேகத்தைப் பார்த்து ஆஃப்செட்டுக்குப் போவதே பாதுகாப்பானது.

எத்தனை போடுவது என்பதை ஊகிக்காமல் அறிய முன்வெளியீட்டுத் திட்டம் உதவும். நூல் வரும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு சலுகை விலையை அறிவித்து, பணம் கட்டுபவர்களின் எண்ணிக்கையோடு 100 பிரதிகள் கூட்டி அச்சிடலாம். தமிழுக்கு இது புதிதல்ல. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, முன்கூட்டியே கையொப்பமிட்டு உதவியவர்களை நம்பியே அச்சுச் செலவைச் சமாளித்தார். பணம் வாங்கிய பிறகு சொன்ன தேதியில் நூலை அனுப்புவது மிக முக்கியம். ஒருமுறை ஏமாந்த வாசகர் அடுத்த திட்டத்தில் சேரமாட்டார்.

தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டு, பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றியே சுழல்கிறது. 1977இல் தொடங்கிய இந்தக் காட்சியைத் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்துகிறது. டிசம்பரில் அச்சகங்கள் இரவு பகலாக ஓடும். அப்போது கொண்டுபோய்க் கொடுக்கும் சிறிய வேலை பின்தள்ளப்படும், பைண்டிங்கும் அவசரத்தில் கெடும். நவம்பர் முதல் வாரத்தில் கோப்பை அச்சகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். ஓரிரு தலைப்புகள் மட்டும் உள்ளவர் தனி அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. உங்கள் வகை நூல்களை விற்கும் அரங்குக்காரரிடம் விற்பனைக்குப் பிறகு கணக்கு என்ற முறையில் பிரதிகளைக் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது தலைப்பு, பிரதி எண்ணிக்கை, கழிவு, கணக்குத் தீர்க்கும் நாள் ஆகிய நான்கும் எழுதிய டெலிவரி சலானில் கையொப்பம் பெற வேண்டும். நட்பின் பேரில் தாளில்லாமல் விட்டுவந்த பிரதிகளுக்குப் பணம் கேட்பது நட்பையும் கெடுக்கும். ஈரோடு, மதுரை, கோவை என்று மாவட்டங்களில் நடக்கும் திருவிழாக்களை இரண்டாம் நிலையாக நினைக்க வேண்டாம். வட்டாரம் சார்ந்த நூலுக்குச் சென்னையைவிட அங்கேதான் கேட்பார் மிகுதி.

நூலக ஆணையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் கீழ், சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரியிலிருந்து பொது நூலகத் துறை நூல்களை வாங்குகிறது. கிடைத்தால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பிரதிகள் போகும். விலை நூலில் அச்சிட்டதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. தேர்வும் பணம் வருவதும் காலம் பிடிக்கும். விண்ணப்பியுங்கள், ஆனால் ஆணை வரும் என்று நம்பி ஒரு பிரதிகூட முன்னதாக அச்சிடாதீர்கள்.

தபாலில் அனுப்புவோர் 2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ள ஞான் போஸ்ட் சேவையை அறிந்திருக்க வேண்டும். கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கான இச்சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய் என்ற அடிப்படையில், வரி தனியாகக் கட்டணம் அமைகிறது. உங்கள் நூல் அதன் வரையறைக்குள் வருமா என்பதை அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் வாங்கி வெளியிடும் நிறுவனங்கள்

வெவ்வேறு 'பேக்கேஜ்'களை வைத்துச் சுயபதிப்புச் சேவை தரும் நிறுவனங்களில் ஒழுங்கானவையும் உண்டு. பணம் கட்டுமுன் எழுத்தில் விடை பெற வேண்டிய கேள்விகள் சில. ஐஎஸ்பிஎன் யார் பெயரில்? வடிவமைத்த மூலக்கோப்பும் அட்டைக்கோப்பும் எனக்குத் தரப்படுமா? விலையை நிர்ணயிப்பவர் யார்? ராயல்டி அச்சிட்ட விலையின் மீதா, செலவுகள் போன பிறகா? எத்தனை நாள் அறிவிப்பில் விலகலாம்? எனக்கான பிரதியை என்ன விலைக்குத் தருவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியே பல திட்டங்களின் தன்மையைக் காட்டிவிடும். ஆசிரியருக்கே அச்சிட்ட விலையில் பெரும்பகுதிக்குப் பிரதி விற்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் வாசகராக இருப்பதில்லை, நீங்கள்தான்.

வாசகர் பட்டியல்

சமூக ஊடகத்தில் ஐயாயிரம் பேர் பின்தொடர்வதைவிட, உங்கள் நூலை வாங்கி, அடுத்த நூல் வந்தால் சொல்லுங்கள் என்று எண்ணைக் கொடுத்த 500 பேர் மதிப்புமிக்கவர்கள். ஒவ்வொரு நூலின் கடைசிப் பக்கத்திலும், மின்னூலின் இறுதியிலும், உங்களைத் தொடர்புகொள்ளும் வழியை அச்சிடுங்கள். நேரில் விற்கும்போது பெயர், ஊர், எண், எந்த நூல் என்று அவர்கள் சம்மதத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் குழுவாகச் சேர்த்து ஒருவர் எண்ணை மற்றவருக்குக் காட்டாமல், ஒளிபரப்புப் பட்டியலாக வைத்து, மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் செய்தி அனுப்பாமல் இருப்பது மரியாதை. ஒவ்வொரு நான்காவது செய்தியாவது விற்பனை கலவாத, படிக்கத் தகுந்த ஒரு பக்கமாக இருக்கட்டும்.

உங்கள் நூலின் பிடிஎஃப் டெலிகிராம் குழுக்களில் சுற்றுவதைக் கண்டால் மனம் கொதிக்கும். பொதுவெளியில் சண்டையிடுவது அந்தக் குழுவுக்கே விளம்பரமாகும். இணைப்பையும் தேதியையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தளத்தின் பதிப்புரிமைப் புகார் வழியில் எழுதுங்கள். எழுத்துப் புகார் பெற்ற இடைநிலைத் தளம் 21 நாட்களுக்கு அந்தக் கோப்பை முடக்கி வைக்கவும், அதற்குள் நீதிமன்ற ஆணை பெறவும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது.

வரியும் பதிவேடும்

அச்சு நூல்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வருமான வரியில், இந்தியாவில் வசிக்கும் ஆசிரியரின் ராயல்டிக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு தரும் 80கியூகியூபி பிரிவு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. பழைய வரிமுறையைத் தெரிவுசெய்பவருக்கே அது பொருந்தும். மொத்தத் தொகையாக அல்லாமல் விற்பனைக்கேற்ப வரும் ராயல்டியில், விற்ற நூல்களின் மதிப்பில் 15 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதி கணக்கில் சேராது என்பதால், சொந்தமாக வெளியிடுபவர் இதன் பலனை மிகையாக எதிர்பார்க்கக் கூடாது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையாவதால், பொருந்தும் பிரிவை ஆடிட்டரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். நீங்களே அச்சிட்டு விற்பதில் வரும் தொகை ராயல்டி ஆகாது, வியாபார வருமானம். அச்சு, காகிதம், தபால், மெய்ப்பு, பயணம் ஆகியவற்றின் ரசீதுகளை வைத்திருந்தால் அவற்றைச் செலவாகக் காட்ட முடியும். நூல் வருமானத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது ஆண்டு முடிவில் பெரும் தொல்லையைத் தவிர்க்கும்.

கூடவே ஓர் உரிமைப் பதிவேடும் வேண்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பக்கம்: அச்சு உரிமை யாரிடம், எந்தத் தேதி வரை, மின்னூல் எந்தத் தளத்தில், செலக்ட் காலம் முடிவது எப்போது, ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகள் விற்கப்பட்டனவா, மூலக்கோப்பு எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது, ஐஎஸ்பிஎன் எண் என்ன. ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரையிலோ கணக்காண்டு முடியும் மார்ச்சிலோ, இதைப் புதுப்பித்து, காலம் முடிந்த உரிமைகளைத் திரும்பப் பெறுவதாகப் பதிப்பகத்துக்குக் கடிதம் அனுப்ப வேண்டும்.

ஆசிரியருக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை வாழ்வதால், அதை யார் நிர்வகிப்பது என்று உயிலில் பெயர் குறிப்பிட்டு எழுதுவதும் தொழிலின் ஒரு பகுதியே. தமிழில் பல நல்ல நூல்கள் மறுஅச்சு காணாமல் போனதற்குக் காரணம், வாரிசுகள் பலராக இருந்து, அனுமதி யாரிடம் கேட்பது என்று எவருக்கும் தெரியாததுதான். ஒருவரை மட்டும் நியமித்து, பதிவேட்டின் ஒரு படியையும் தளங்களின் கணக்கு விவரங்களையும் அவரிடம் இப்போதே ஒப்படைத்துவிடுங்கள்.